பித்தளைப் பாத்திரத்தின் எதிரே

புணே நகரத்தில் சனிவார், புத்வார், ரவிவார் என்று கிழமைகளின் பெயரால் வழங்கும் பழைய பேட்டைகளின் குறுகலான தெருக்களில் நடப்பவர் எவரும், நர்மதேஷ்வர் என்றோ ஜப்ரேஷ்வர் என்றோ ஈசுவர நாமம் ஒன்றை முன்னே வைத்து, அமுதுக்கு நிகர் என்று பொருள்படும் 'அமிருததுல்ய' என்ற சொல்லைப் பின்னே சேர்த்து எழுதிய பெயர்ப் பலகைகளைக் கண்டே தீருவார். இவை தேநீர்க் கடைகள். ராஜஸ்தானத்திலிருந்து வந்து குடியேறிய ஸ்ரீமாலி பிராமணக் குடும்பங்கள் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தொழிலை இங்கே ஊன்றின. பேரன்மார் காலம் வந்த பின்னும், பழைய கடைகள் பலவற்றில் அடுப்பின் எதிரே குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரே உட்காருகிறார்.

பெரும்பாலான உணவு விடுதிகளில் சமையற்கட்டு பின்புறத்தில் மறைந்திருக்க, இங்கே அடுப்பு தெருவைப் பார்த்த முகப்பிலேயே இருக்கிறது. இடுப்பளவு உயர்ந்த மேடை. அதன் மேல் சம்மணமிட்டு அமர்ந்த மனிதர். அவர் எதிரே சாம்பலும் புளியும் கொண்டு துலக்கித் துலக்கிப் பொன்னிறம் கண்ட பித்தளைப் பாத்திரம். அருகே இஞ்சியும் ஏலமும் நசுக்கச் சிறு பித்தளை உரல். உள்ளே நுழையும் ஒவ்வொருவரும் அவரைக் கடந்துதான் பெஞ்சிக்குப் போக வேண்டும். தேநீரை வார்ப்பவர் குடிப்பவரின் முகத்தையும், குடிப்பவர் வார்ப்பவரின் கையையும் பார்க்கும்படியான இந்த அமைப்பே இக்கடைகளின் உயிர் என்று நான் கருதுகிறேன். தன் கண்ணெதிரே நின்று, முதல் வாயைச் சுவைத்துத் தலையசைப்பவனுக்கு எந்தத் தொழிலாளியாலும் அசிரத்தையாக ஒன்றைக் கொடுக்க முடியாது.

ரவிவார் பேட்டையை ஒட்டிய ஒரு கடையில், பொழுது நன்றாய்ப் புலருமுன்பே போய் அமர்ந்து, அந்த வேலையை ஆதியோடந்தமாகப் பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. அங்கே எல்லோரும் 'காகா' என்று அழைக்கும் அறுபது வயதைக் கடந்த பெரியவர், முதலில் தண்ணீரையும் சர்க்கரையையும் கொதிக்கவிட்டு, உரலில் நசுக்கிய இஞ்சியை அதில் சேர்த்தார். பச்சை இஞ்சியைக் கொதியாத பாலில் போட்டால் பால் திரிந்துபோகும்; இஞ்சியிலுள்ள நொதிப்பொருள் பாலின் புரதத்தை உறைய வைப்பதே காரணம். நீரில் நன்றாகக் கொதித்த இஞ்சிக்கு அந்தக் குணம் போய்விடுகிறது. ரசாயனம் படியாத அவருடைய தகப்பனார் காலத்திலிருந்தே இந்தக் கிரமம் மாறவில்லை. பிறகு தூள், அதற்கு அளவு கரண்டியுமில்லை, தராசுமில்லை, உள்ளங்கையே படி. அதன் சாரம் இறங்கியதும் பால். பொங்கி விளிம்பைத் தொடும் க்ஷணத்தில் நீண்ட கரண்டியால் முகந்து, ஒரு முழ உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிப் பொங்கலை அடக்கி, மறுபடி பொங்கவிட்டு மறுபடி அடக்கி, நிறம் தமக்கு இசைந்த பின்னரே ஏலத்தைத் தூவி, வெள்ளைத் துணியில் கொட்டி, துணியின் வாயை முறுக்கிப் பிழிந்தார். ஏலம் ஏன் கடைசியில் என்று கேட்டேன். முன்னே போட்டால் வாசனை தெருவுக்குப் போகும், பின்னே போட்டால் கோப்பையில் நிற்கும் என்றார்.

துணியை நாளில் எத்தனை முறை அலசுவது, பால்காரர் கொண்டுவந்த பாலில் நீர் மிகுந்திருந்தால் தூளை எவ்வளவு கூட்டுவது, மழைக்காலத்தில் இஞ்சி எப்படி நீர்கோத்துக் காரம் குறைந்து போகிறது என்பவற்றையெல்லாம் கையை நிறுத்தாமலே அவர் எனக்கு விளக்கினார். உடன் இருந்த வாலிபர் ஒருவர் கெட்டிலும் கோப்பைகளுமாக லக்ஷ்மி சாலைத் துணிக்கடைகளுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். எந்தக் கடையில் சர்க்கரை குறைவு, எந்த முதலாளி இஞ்சி ஆகாதவர் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். காகாவின் மகன்களோ கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருக்கிறார்கள். தமக்குப் பின் அந்த ஆசனத்தில் இந்த வாலிபரே அமரட்டும் என்று பெரியவர் வெளிப்படையாகச் சொன்னபோது, பரம்பரை என்பது இரத்தத்தை மட்டும் பற்றியது அன்று என்ற என் அபிப்பிராயம் உறுதிப்பட்டது. முன்னதாகவே கலந்து பொட்டலமிட்ட மசாலாவை வாங்கி, ஒரே சுவையை நூறு கிளைகளில் விற்கும் புதுக் கடைகள் நகரமெங்கும் பெருகிவரும் இக்காலத்தில், கண்ணாலும் மூக்காலும் அளக்கும் இந்த வித்தையைக் கற்க ஒருவர் விரும்பி உட்கார்ந்திருப்பது சாமானியமான செய்தியல்ல.

காகாவுக்குத் தூள் வரும் இடத்தையும் பார்க்க விரும்பினேன். மகாத்மா புலே மண்டயி என்னும் சந்தையிலிருந்து சற்றுத் தள்ளி, சில்லறைத் தேயிலை விற்கும் ஒரு வியாபாரியிடம் அனுப்பினார். திறந்த தகரப் பெட்டிகளில் அஸ்ஸாம் குருணையும் மென்தூளும் தனித்தனியே இருந்தன. சுவைக்குக் குருணை, நிறத்துக்குத் தூள் என்று இரண்டையும் வாடிக்கைக்காரருக்குத் தகுந்தபடி அவர் கலக்கிறார். குழந்தைகள் மிகுந்த வீட்டுக்கு ஒரு கலவை, எருமைப் பால் வாங்கும் வீட்டுக்கு வேறு கலவை. நூறு கிராம் மட்டும் கேட்டு வந்த ஒரு கூலித் தொழிலாளிக்கும் அதே நிதானத்தோடு முகர்ந்து பார்த்துக் கட்டிக் கொடுத்தார்.

இந்தக் குருணை பிறந்த கதை 1930ஆம் ஆண்டை ஒட்டி அஸ்ஸாமின் அம்குரி தோட்டத்தில் வில்லியம் மெக்கெர்ச்சர் அமைத்த இயந்திரத்தில் தொடங்குகிறது. வெவ்வேறு வேகத்தில் எதிரெதிராகச் சுழலும் பல்லுருளைகள் கொழுந்தை நசுக்கி, கிழித்து, சுருட்டித் தள்ளுவதால், சாறு விரைவில் இறங்குகிறது. ஒரு கிலோவில் மிகுதியான கோப்பைகள் கிடைக்கின்றன. சுதந்திரத்துக்குப் பின் ஏழை வீடுகளிலும் தேநீர் புகுந்ததற்கு இந்தச் சிக்கனம் ஒரு முக்கிய காரணம். அதற்கு முன்னே, முப்பதுகளில், தேயிலை விற்பனையைப் பெருக்க ஏற்பட்ட வாரியத்தார், மசாலா சேர்த்தால் இலையின் செலவு குறைந்துவிடும் என்று அதை விரும்பவில்லை. ஜனங்கள் தங்கள் நாவின் தீர்ப்பையே பின்பற்றினார்கள்.

தேயிலைப் பெட்டியின் முன் நிற்கும் தமிழனுக்கு வேறொரு நினைவும் வராமலிராது. ஒரு கிலோ தேயிலைக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக அதைக் கிள்ளிச் சேர்ப்பவை பெரும்பாலும் பெண்களின் விரல்கள். நீலகிரியிலும் வால்பாறையிலும் இலங்கை மலையகத்திலும் அந்த விரல்கள் நம்மவருடையவை. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கைவாழ் இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தபோது அவர்களுடைய சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வாழ்வளிக்க 1968இல் தமிழ்நாடு வனத்துறையின் திட்டமாகத் தொடங்கி, 1976இல் தனிக் கழகமானதே டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்ட நிறுவனம். காகாவின் முகத்தைப் புணே அறியும். கொழுந்து கிள்ளுபவளின் முகத்தை எந்தக் கோப்பையும் காட்டுவதில்லை. எனக்கு இது பெருங்குறையாகவே படுகிறது.

ராஸ்தா பேட்டையில் பல காலமாகத் தமிழ்க் குடும்பங்கள் வசிக்கின்றன. நான் தங்கியிருந்த ஸ்நேகிதர் வீட்டில், குன்னூரிலிருந்து கொண்டுபோன இலைத் தேயிலையை ஒரு ஞாயிறு மாலை அண்டை வீட்டாரோடு பகிர்ந்துகொண்டோம். இலையைக் கொதிக்க வைப்பது அதற்குச் செய்யும் கொடுமை. கொதித்த நீரை அதன் மேல் வார்த்து, மூடி, நாலு நிமிஷம் காத்திருந்தால் போதும். ஸ்நேகிதரின் தாயார், "இதென்ன, வெந்நீருக்கு வர்ணம் அடிச்ச மாதிரி இருக்கே, கொஞ்சம் பால் விடட்டுமா?" என்றார். "வேண்டாம் மாமி, ஒரு வாய் அப்படியே சாப்பிட்டுப் பாருங்கோ" என்றேன். பக்கத்து வீட்டு மராட்டிய அம்மையார் இரண்டாம் கோப்பையும் கேட்டு வாங்கினார். மலைப்பூவின் வாசனை போன்ற ஒன்று இதில் இருக்கிறது, ஆனால் விடியற்காலையில் தமக்கு இஞ்சிச் சாயாவே வேண்டும் என்றார். அது நியாயமான தீர்ப்பு. ஒன்று உழைப்புக்குமுன் உடம்பை எழுப்புவது. மற்றொன்று உழைப்பு ஓய்ந்தபின் சம்பாஷணையை நீட்டுவது.

தேயிலை வியாபாரியிடம் இதைச் சொன்னேன். வாங்குவோர் இருந்தால் நீலகிரி இலையையும் ஒரு பெட்டியில் வைப்பதற்குத் தடையில்லை என்றார். ராஸ்தா பேட்டையில் சில வீட்டார் மாதந்தோறும் வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள்.