கடல் வற்றும் கரையில் உம்மாவுடன்

நம் நாட்டுக் கரைகளில் கடல் பெருகுவதும் வற்றுவதும் நமக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே இரண்டடி வித்தியாசம் வந்தாலே அதிகம். ஆனால், வல்ல அல்லாஹ்வின் படைப்பில் ஓரிடம் இருக்கிறது. அங்கே காலையில் நீங்கள் நடந்து திரிந்த மணலின் மேல் மாலையில் நான்கு மாடி உயரத்துக்குக் கடல் நிற்கும். கனடாவின் கிழக்கே, ஃபண்டி வளைகுடா என்று அதற்குப் பெயர். அங்குள்ள ஹோப்வெல் பாறைகள் பூங்காவுக்கு உம்மாவை அழைத்துப் போன பயணத்தைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஹலிபக்ஸ் நகரில் நானா குடும்பத்தோடு இருக்கிறார். ஓர் ஆகஸ்ட் மாதம் நானும் உம்மாவும் அங்கே போயிருந்தோம். சுபஹ் தொழுததும் மதினி புளிச்சோறும் பொரித்த முட்டையும் கட்டி எடுத்தார். அந்தப் பாதையில் ஹலால் சாப்பாட்டைத் தேடி அலைவதைவிட, கையோடு கொண்டு போவதே நல்லது. மொங்டன் நகருக்கு 260 கிலோமீற்றர், அங்கிருந்து பூங்காவுக்கு இன்னும் 40 கிலோமீற்றர் அளவில். மாகாண எல்லையில் கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. முன்பு கடல் ஏறி இறங்கிய சதுப்பு நிலம் அது. சுமார் 300 வருடங்களுக்கு முன் அங்கே குடியேறிய பிரெஞ்சு விவசாயிகள் மண்ணால் அணை கட்டி, மழைநீர் வெளியே போகவும் கடல்நீர் உள்ளே வராமலும் ஒருபக்கமாக மட்டும் திறக்கும் மரக்கதவு வைத்து வயலாக்கினார்கள்.

கடல் இவ்வளவு உயர்வதற்குக் காரணம் என்ன என்று கேட்பீர்கள். சந்திரனும் சூரியனும் இழுக்க, கடல் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை பெருகுகிறது. அது எல்லாக் கரைக்கும் பொது. ஃபண்டி வளைகுடாவோ வாய் அகன்று, போகப்போக ஒடுங்கி, ஆழமும் குறைந்து, புனலைப் போல இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. அகன்ற பேசினில் தண்ணீரை ஏந்திக்கொண்டு நடந்து பாருங்கள். உங்கள் நடையும் தண்ணீரின் ஆட்டமும் ஒத்துப் போனால் தண்ணீர் விளிம்பைத் தாண்டிச் சிந்தும். இந்த வளைகுடாவின் நீர் உள்ளே போய்த் திரும்பி வர எடுக்கும் நேரமும் பெருக்கின் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாக அமைந்துவிட்டன. அதனால் வளைகுடாவின் உட்கோடியில் 16 மீற்றர் வரை நீர் உயர்கிறது. ஸூரா அர்ரஹ்மானில் சூரியன், சந்திரனின் கணக்கைப் பற்றி எத்தனை முறை ஓதியிருக்கிறோம்! அந்தக் கணக்கை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

பத்தரை மணிக்குப் பூங்காவை அடைந்தோம். அன்றைய வற்று பதினொன்றரைக்கு. வாசலில் பலகையில் எழுதியிருந்தார்கள். வற்றுக்கு முன்னும் பின்னும் மூன்று மணித்தியாலம் அளவுக்குத்தான் கீழே நடக்க விடுவார்கள். முழங்கால் வலி உள்ளவர்களைப் படிக்கட்டு வரை ஏற்றிச் செல்லச் சிறு வண்டியும் ஓடுகிறது. உம்மா அதில் வந்தா. ஆனால், நூறு படியளவில் உள்ள இரும்புப் படிக்கட்டின் உச்சியில் நின்று கீழே பார்த்ததும் வாங்கிலில் உட்கார்ந்துவிட்டா.

"நீங்க போங்க மகள். கடல் வத்தின இடத்துக்கு நான் வரமாட்டன்."

எங்களுக்கு விளங்கியது. எங்கள் ஊர் மருதமுனை. 2004 டிசம்பர் 26இல் முதல் அலை அடித்து ஓய்ந்து கடல் பின்வாங்கிய நேரம், பிள்ளையைத் தேடிக் கரைப்பக்கம் ஓடிய சாச்சி திரும்பி வரவேயில்லை. அன்றிலிருந்து உம்மா கடற்கரைக்குப் போனதில்லை. பெருநாளைக்குப் பிள்ளைகள் கேட்டு அழுதாலும் போகமாட்டா. இதைத் தெரிந்தும் அழைத்து வந்தது பிழையோ என்று நான் கலங்கினேன்.

நானாவின் கடைசி மகள், ஏழு வயதுக்காரி, வாப்பும்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பலகையின் முன் கொண்டுபோய் நிறுத்தினாள். "இந்தா எழுதிக் கிடக்கு வாப்பும்மா. கடல் இப்ப வராது."

உம்மா அந்த எண்களையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தா. காவலுக்கு நின்ற இளம்பெண்ணிடம் நானாவைக் கொண்டு கேட்கச் சொன்னா. எந்த நாளும் இப்படி நேரத்துக்குத்தான் வருமா என்று. எந்த நாளும், பல மாதங்களுக்கு முன்னரே கணித்து வைத்திருக்கிறோம் என்றாள் அந்தப் பெண். உம்மா பிஸ்மி சொல்லி முதற்படியில் கால் வைத்தா. ஒவ்வொரு தட்டிலும் நின்று, தஸ்பீஹை உருட்டிக்கொண்டே இறங்கினா.

கீழே சிவந்த சேறும் கூழாங்கற்களும். 12 முதல் 21 மீற்றர் வரை உயர்ந்த பாறைத் தூண்கள், அடி சிறுத்து, தலையில் மரங்களோடு பூச்சாடிகள் போல நிற்கின்றன. அலை அடியை அரிக்கிறது, பனிக்கால உறைவு மேலே பிளக்கிறது. யானை வடிவில் நின்ற பாறையின் பெரும்பகுதி 2016 மார்ச்சில் இடிந்து விழுந்தது. தூணைச் சுற்றிப் பழுப்புக் கடற்பாசி தொங்கும் கோடு எங்கள் தலைக்கு மேலே உயரத்தில் இருந்தது. நீர் அது வரை வரும் என்பதற்கு அதுவே சாட்சி. உம்மா ஒரு பாறையில் கை வைத்து நீண்ட நேரம் நின்றா. பிறகு, "நம்மட ஊருல யாரும் நேரம் எழுதி வைக்கல்ல" என்றா. வேறொன்றும் சொல்லவில்லை.

மேலே ஏறிச் சாப்பிட்டு, புல்வெளியில் விரிப்பை விரித்து ழுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதோம். ஊரில் மேற்கு நோக்கித் தொழும் நாம் அங்கே கிழக்கிலிருந்து சற்று வடக்கே திரும்ப வேண்டும். பின்னர் அல்மா என்ற மீன்பிடிக் கிராமத்துக்குப் போனோம். ஃபண்டி தேசியப் பூங்காவின் வாசலில் இருக்கிறது. துறைமுகத்தில் இன்னும் தண்ணீர் ஏறாததால் படகுகள் சேற்றில் குந்தியிருந்தன. பெருக்கு வந்தபின்தான் அவை கடலுக்குப் போகும்.

ஐந்தரைக்குத் திரும்பி வந்தபோது படிக்கட்டை மூடியிருந்தார்கள். நாங்கள் நடந்த இடம் முழுவதும் பழுப்பு நிறக் கடல். தூண்களின் தலைகள் சிறு தீவுகளாய் மிதந்தன. உம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பார்த்தா. இம்முறை பின்வாங்கவில்லை.

சகோதரிகளே, ஒன்றை மறந்துவிடக்கூடாது. சந்திரனால் வரும் பெருக்குக்கு நேரம் உண்டு. சுனாமியோ சுமத்திராவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட பூமியதிர்ச்சியால் வந்தது. அதற்கு அட்டவணை இல்லை. 2004இல் இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கை ஏற்பாடு இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. ஆனாலும், கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையை விட்டு உயரமான இடத்துக்கு ஓடுங்கள். முதல் அலை ஓய்ந்ததென்று திரும்பி வராதீர்கள். அடுத்தது அதைவிடப் பெரிதாக இருக்கலாம். இதை உங்கள் பிள்ளைகளுக்கும் இன்றே சொல்லிக் கொடுங்கள்.

திரும்பும் வழியில் வாகனத்தில் உம்மா தூங்கவில்லை. மொங்டனைத் தாண்டியதும் மெதுவாகச் சொன்னா: "ஊருக்குப் போனதும் ஒருக்கா கடக்கரைக்குப் போகணும் மகள். சாச்சிக்கு அங்க நின்டு துஆ கேக்கணும்."

போனோம், அல்ஹம்துலில்லாஹ். அன்று கடலில் போன அனைவருக்கும் அல்லாஹ் மறுமையில் உயர்ந்த இடத்தைக் கொடுப்பானாக. ஆமீன்.