மேடானுக்கு இரண்டு டிக்கெட்

மலேசியாவின் பேரா மாநிலத்துப் பீடோர் வட்டாரத்துத் தமிழர்களுக்குப் பயணம் புதிதல்ல. தோட்டத்துக் காலத்திலேயே வருசத்துக்கு இரண்டு மூன்று தடவை லாரி ஏறியவர்கள். சித்ரா பௌர்ணமி என்றால் தெலுக் இந்தான் தண்டாயுதபாணி கோயில். மாசி மகத்துக்குப் பங்கோர் தீவின் பத்திரகாளியம்மன். பங்குனி உத்திரத்துக்கு பகாங்கில் மாரான் மரத்தாண்டவர். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை, கொஞ்சம் வசதி இருந்தால் பினாங்கு தண்ணீர்மலை. லாரியில் பாய் விரித்து, புளிச்சோறு கட்டிக்கொண்டு, பிள்ளைகளை நடுவில் உட்காரவைத்து, இரவெல்லாம் பாட்டும் கதையுமாகப் போவார்கள். கோயிலுக்கு இல்லாத பயணம் என்றால் அது சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அதுவும் இல்லையென்றால் சாவு. ஒரு புருசனும் பெண்சாதியும் மட்டும், வேண்டுதலோ விசேசமோ எதுவும் இல்லாமல், சும்மா ஓர் ஊரைப் பார்த்துவிட்டு வரக் கிளம்பினார்கள் என்ற பேச்சு லயத்து வீடுகளில் இருந்ததில்லை.

இப்போது பீடோரில் ஒரு தம்பதி அப்படித்தான் கிளம்பப்போகிறார்கள். கல்யாணமாகி 25 வருசம். கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். மனைவி பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறார். இருவருமே பால்மரத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அந்தத் தோட்டங்களில் இன்று நிற்பது செம்பனை. கல்யாணமான புதிதில் கேமரன்மலைக்குப் போனார்கள்: தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பழைய சாலை, வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவி, மேலே போனால் தேயிலை. அந்த வண்டியில் மாமியாரும் இரண்டு நாத்தனார்களும் இருந்தார்கள். படங்களில் கல்யாணப் பெண்ணைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆகவே இந்தத் தடவை இரண்டே பேர். இதில் மனைவி உறுதியாக இருந்தார்.

எந்த ஊர் என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள் பேங்காக் என்றார்கள், பிறகு சிங்கப்பூர் என்றார்கள். சிங்கப்பூருக்கு ஈப்போவிலிருந்தே விமானம் இருக்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். ஆனால் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நம் காசு மூன்றுக்கு மேல் கொடுத்து மாற்றி, கோப்பி குடிக்கும்போதெல்லாம் மனசுக்குள் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தால் அது என்ன கொண்டாட்டம்? தாப்பா ரோட்டில் இ.டி.எஸ். ரயிலேறி பாடாங் பெசார் போய், எல்லை தாண்டி ஹட்யாய் போகலாம் என்று ஒரு யோசனை. அது பாதி பேராவே போய்வந்த ஊர். தெருவில் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்க நேரிடும். பேங்காக் பெரிய ஊர், நல்ல ஊர்தான். அந்த நகரத்துப் போக்குவரத்துக்குக் கையிலிருக்கும் நான்கு நாளில் பாதியைக் கொடுத்துவிட வேண்டியிருக்கும்.

குறும்பயணத்துக்கு ஊர் தேடுகிறவர்கள் முதலில் அந்த ஊரின் பெயரைத்தான் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது நேரத்தை. வீட்டு வாசலிலிருந்து ஹோட்டல் கட்டில் வரைக்கும் எத்தனை மணி நேரம், அங்கே போனபிறகு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எவ்வளவு தூரம் என்ற இரண்டு கணக்கும் சரியாக வந்தால்தான் சேர்ந்து உட்கார்ந்து பேச நேரம் மிஞ்சும். அந்தக் கணக்கில் தேறிய ஊர் மேடான்.

மேடான், சுமத்ராவின் வடக்கே, மலாக்கா நீரிணைக்கு அந்தக் கரையில் இருக்கிறது. பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் நேரடி விமானம், ஏறக்குறைய ஒரு மணி நேரம். பீடோர் இந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவில் கிடக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் நெடுஞ்சாலையில் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம், ஆக மலிவான டிக்கெட் கிடைக்கும் பக்கம் போகலாம். மலேசியக் கடப்பிதழ் இருந்தால் 30 நாள் வரைக்கும் விசா வேண்டாம். கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். மலாய் பேசுகிறவர்களுக்கு மொழிச் சிக்கலும் பெரிதாக இல்லை. அங்கே கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால் ஓடுவதால், போகிற நாளில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும்.

இவையெல்லாம் வசதிக் கணக்கு. மேடானுக்கும் பீடோருக்கும் இன்னொரு பழைய கணக்கு இருக்கிறது. இந்தத் தம்பதி அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததில் அதைத்தான் பெரிதாகச் சொல்ல வேண்டும்.

மேடான் தோட்டத்தால் உண்டான நகரம். 1863இல் யாக்கோப் நியன்ஹுய்ஸ் என்ற டச்சுக்காரர் டெலி சுல்தானிடம் நிலம் பெற்றுப் புகையிலை போட்டார். டெலிப் புகையிலையின் இலை சுருட்டுக்கு மேலே சுற்றுவதற்கு ஐரோப்பாவில் பேர் வாங்கியது; 1869இல் டெலி கம்பெனி உருவானது. பிறகு பால்மரமும் செம்பனையும் வந்தன. வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. டச்சுக்காரர் மண்ணுக்கு இந்தியாவிலிருந்து நேராக ஆள் எடுக்க பிரிட்டிஷ் அரசு சுலபமாக இடம் கொடுக்கவில்லை. அதனால் பினாங்கில் இறங்கிய தமிழர்களில் ஒரு பகுதியினர் அங்கிருந்து நீரிணையைத் தாண்டிக் கொண்டுபோகப்பட்டார்கள். புகையிலைப் பாத்திகளைச் சீனர்களும், பிறகு ஜாவாக்காரர்களும் பார்த்துக்கொள்ள, தமிழர்களுக்குக் கிடைத்தவை ரோடு போடுவதும், கால்வாய் வெட்டுவதும், மாட்டுவண்டி ஓட்டுவதும்.

ஒரே துறைமுகத்தில் இறங்கிய கூட்டம்தான். பேராவுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் படித்தார்கள். இன்றைக்கும் மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. மேடானுக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்கு அது வாய்க்கவில்லை. அங்கே பல வீடுகளில் தமிழ் பாட்டியோடு நின்றுவிட்டது, அல்லது சாமிப்பாட்டில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆனாலும் அம்மனை விடவில்லை. 1884இல் கட்டிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் நகரத்தின் நடுவே தெக்கு உமார் சாலையில் கோபுரத்தோடு நிற்கிறது. சுற்றியுள்ள வட்டாரத்துக்குப் பெயரே கம்போங் மெட்ராஸ். பக்கத்தில் பெரிய பேரங்காடி வந்துவிட்டது. பூமாலையும் கற்பூரமும் அதன் நிழலிலேயே விற்பனையாகின்றன.

தோட்டத்தில் பிறந்த இருவர் தங்கள் கல்யாண நாளில் அந்தக் கோயிலில் போய் நிற்பதற்குத் தனி அர்த்தம் உண்டு. கப்பல் வலது பக்கம் திரும்பியிருந்தால் இவர்கள் வீடும் அங்கேதான் இருந்திருக்கும்.

திட்டம் எழுதப்பட்டது ஒரு 555 புத்தகத்தில். உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சின்ன நோட்டு எதற்கு என்று தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கடையில் வாங்கிய அரிசிக்கும் கருவாட்டுக்கும் கடன் ஏறியது அதில்தான். இவர்கள் வீட்டு மேசையில் கிடக்கும் புத்தகத்தில் முதல் வரி: ‘கடப்பிதழ் 200 + 200’. இருவருக்கும் பழையது காலாவதியாகியிருந்தது, மனைவியுடையது பல வருசத்துக்கு முன்பே. அடுத்த வரியில் டிக்கெட்; தொகை பென்சிலில் எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருந்தது. பள்ளி விடுமுறை தவிர வேறு நாளில் இவர்கள் இருவரும் வேலையை விட்டு நகர முடியாது. விமானக் கட்டணம் ஏறுவதும் சரியாக அதே நாட்களில்தான். கல்யாண நாள் ஆவணியில். நல்ல வேளையாக அதையொட்டியே பள்ளி விடுமுறை வருகிறது. வாரக் கடைசியில் கிளம்பாமல் வாரநாளில் போய் வாரநாளில் திரும்பினால் விலை இறங்கும் என்று கண்டுபிடித்தவர் மனைவிதான். சிற்றுண்டிச்சாலைக்குக் காய்கறி எடுப்பவருக்கு எந்த நாளில் எது மலியும் என்பது பழக்கப்பட்ட விசயம்.

மூன்றாவது வரி, ‘7 கிலோ’. கையில் எடுத்துப்போகும் பை அவ்வளவுதான். பெட்டி போட்டால் தனிக் காசு. பட்டுப்புடவை ஒன்று எடுப்பதா இரண்டா என்ற பேச்சு இன்னும் முடியவில்லை.

சண்டை வந்தது தோபா ஏரியில். மேடானுக்குப் போகிறேன் என்று சொன்னால், கேட்கிற பத்துப் பேரில் ஒன்பது பேர் தோபாவையும் பார்த்துவிட வேண்டும் என்பார்கள். பயண ஏற்பாட்டுக்காரர்கள் விற்கும் நான்கு நாள் சுற்றுலாவிலும் மேடான், பெராஸ்தாகி, தோபா மூன்றும் சேர்ந்தே வரும். ஏரி அற்புதமானது, அதில் சந்தேகமில்லை. ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் வாயில் தேங்கிய தண்ணீர் அது. 100 கிலோமீட்டர் நீளம். அந்த வெடிப்பின் சாம்பல் கடல் தாண்டி நம் பேராவிலும் விழுந்தது. லெங்கோங் பள்ளத்தாக்கின் கோத்தா தம்பானில் ஆதிமனிதர்களின் கல் ஆயுதங்களோடு அந்தச் சாம்பலையும் தோண்டியெடுத்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கு 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பேராக்காரர்களுக்குத் தோபாவைப் பார்க்கும் ஆசை நியாயமானதுதான்.

ஆனால் மேடானிலிருந்து ஏரிக்கரைப் பராபாட் ஏறக்குறைய 175 கிலோமீட்டர். விரைவுச்சாலை வந்த பிறகும் ஒரு வழிக்கு மூன்று நான்கு மணி நேரம் பேருந்தில் போய்விடும். வருசம் முழுக்கப் பேருந்தின் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் மனுசனைக் கல்யாண நாளன்றும் பேருந்திலேயே உட்காரவைப்பதா என்று மனைவி கேட்டார். “ஏங்க, நீங்க அந்த டிரைவருக்குப் பக்கத்துல போய் உக்காந்துக்கிட்டு, பிரேக் சரியில்லன்னு சொல்லிக்கிட்டே வருவீங்க” என்றார். கணவர் சிரித்து ஒத்துக்கொண்டார். தோபாவுக்கு இன்னொரு வருசம். இந்த முடிவு சரியான முடிவு. நான்கு நாளில் மூன்று ஊர் பார்த்தவர்களிடம் ஊர் எப்படி என்று கேட்டால், ஜன்னலையும் கழிவறை நிறுத்தங்களையும் பற்றித்தான் சொல்வார்கள்.

தோபாவை எடுத்துவிட்டால் மேடானுக்கே நாள் முழுசாகக் கிடைக்கிறது. குவாலானாமு விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு ரயில் உண்டு; முக்கால் மணி நேரத்துக்குள் மெர்டேக்கா திடலுக்கு எதிரே இறக்கிவிடும். அங்கிருந்து கெசாவான் தெரு நடக்கும் தூரம். அந்தத் தெருவில் 1900இல் கட்டி முடித்த சோங் ஆ ஃபீ மாளிகை இருக்கிறது. வெறுங்கையோடு சீனாவிலிருந்து வந்து, தோட்டங்களும் வங்கியும் நடத்திய செல்வந்தரின் வீடு. அதே தெருவில் 1934 முதல் இருக்கும் திப் தோப் உணவகத்தில் இன்றும் விறகடுப்பில் கேக் சுடுகிறார்கள். கல்யாண நாள் கேக்குக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. 1891இல் முடிந்த மைமூன் அரண்மனை மஞ்சள் நிறத்தில், மலாய், முகலாய, ஐரோப்பியக் கைவேலை எல்லாம் கலந்து நிற்கிறது. அதற்குப் பக்கத்திலேயே 1909இல் முடிந்த பெரிய பள்ளிவாசல்.

நகரத்துக்கு வெளியே தஞ்சோங் செலாமாட்டில் அன்னை வேளாங்கண்ணி ஆலயம். இந்தியாவிலிருந்து வந்த இயேசு சபைப் பாதிரியார் ஜேம்ஸ் பாரதபுத்ரா முன்நின்று கட்டியது, 2005இல் திறக்கப்பட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் கோயில் என்பார்கள், இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தால் பள்ளிவாசலோ என்று தோன்றும், உள்ளே மாதா. மனைவியின் சிறுவயதுத் தோழி தோட்டத்துக் கிறிஸ்துவக் குடும்பம். அவருக்காக ஒரு மெழுகுவர்த்தி என்று 555இல் எழுதியாயிற்று.

கல்யாண நாள் வெள்ளிக்கிழமையில் விழுகிறது. வெள்ளி என்றால் இந்த வீட்டில் சைவம், ஊர் மாறினாலும். இந்தோனேசியாவில் கெட்டியான தெம்பேயும் தோஃபுவும் காடோ-காடோவும் எங்கேயும் கிடைக்கும். சம்பலில் பெலாச்சான் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். சீனப் பௌத்தர்களின் சைவக் கடைகளும் அங்கே உண்டு. சனிக்கிழமை கணவருக்கு: மேடானுக்குப் போய் டுரியான் தின்னாமல் வருவதாக அவருக்கு உத்தேசமில்லை. பீடோரில் கொய்யாவும் பெத்தாயும் விற்கும் சாலையோரத்தில் வளர்ந்தவர் பழத்தில் சமரசம் செய்துகொள்ள மாட்டார்.

காசு மாற்றுவது பற்றி வீட்டில் பயம் இருந்தது. ஒரு ரிங்கிட்டுக்கு மூவாயிரம் ரூப்பியாவுக்கு மேல் வருவதால், கையில் கட்டுக்கட்டாக லட்சங்கள் இருப்பது போலத் தோன்றி, கணக்குத் தப்பிவிடும். 2023 முதல் நம் வங்கிச் செயலியிலேயே அந்த ஊர்க் கியூஆர் குறியீட்டை வருடிக் கட்டலாம். மகள் இரண்டு கைப்பேசியிலும் அதைச் சரிபார்த்துக் கொடுத்திருக்கிறாள். பெச்சாக்காரருக்கும் கோயில் உண்டியலுக்கும் மட்டும் சில்லறை.

மிச்சமிருந்தது கணவரின் அம்மா. எண்பதை நெருங்குகிறவரைத் தனியே விட முடியாது. சுங்காயிலிருந்து சின்ன நாத்தனார் வந்து நான்கு நாளும் தங்குவதாகச் சொல்லிவிட்டார். கேமரன்மலைக்கு வண்டியில் கூடவே வந்தவர்களில் ஒருவர். கிழவிக்கு ஒரே நிபந்தனை. “அங்க மாரியம்மா இருக்காளாமே, என் பேருக்கும் ஒரு அர்ச்சன பண்ணிட்டு வா, நட்சத்திரம் மறந்துராத.” நட்சத்திரமும் நோட்டில் ஏறியது: பூசம்.

டிக்கெட் எடுத்த அன்று கடைசியாக ஒரு கேள்வி வந்தது. குறைந்த கட்டண விமானத்தில் இருக்கையைத் தேர்ந்தெடுக்கத் தனிக் காசு. கட்டாவிட்டால் கணினி எங்கே உட்காரவைக்கிறதோ அங்கே உட்கார வேண்டும், இவர் முன்னால் அவர் பின்னால் என்று ஆகிவிடலாம். ஒரு மணி நேரந்தானே, எதற்கு வீண் செலவு என்றார் கணவர். மனைவி ஒன்றும் பேசாமல் கைப்பேசியை அவர் கையிலிருந்து வாங்கி, போக இரண்டு, வர இரண்டு என்று நான்கு இருக்கைக்கும் கட்டிவிட்டு, தொகையைப் பென்சிலில் இல்லாமல் பேனாவிலேயே எழுதினார்.