மைனஸ் 40 டிகிரி

மே மாதப் புனே வெயிலில் என் பழைய காரின் குளிர்விப்பு நீர் மைனஸ் 40 டிகிரி என்றது ஸ்கேனர். ரேடியேட்டர் விசிறி ஓயவேயில்லை. பிழைக்குறி பி0118. பணிமனையில் இருமுறை சென்சாரை மாற்றினார்கள். ஆய்வு உதவித்தொகையில் வாழ்பவனுக்கு அது சிறு தொகையன்று. அக்குறி சுட்டுவதோ சென்சாரை மட்டுமன்று, அதன் மின்சுற்று முழுவதையும். சுற்று அறுந்தால் கணினி ஏறத்தாழ முழு 5 வோல்ட்டைக் காண்கிறது. அதையே கடுங்குளிர் எனப் பொருள்கொள்கிறது.

கனெக்டரைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் சிறு வயரால் இணைத்தேன் (மூன்று வயர் சென்சாரில் இதைச் செய்யலாகாது). வயரிங் நலமெனில் அளவு உச்சத்துக்குத் தாவியிருக்கவேண்டும். அசையவில்லை. பேட்டரித் தட்டின் அடியில் எலி கடித்த எர்த் வயர் கிடந்தது.

முதலில் கழற்றிய சென்சாரைக் கேட்டு வாங்கி வெந்நீரில் இட்டு அளந்தேன். சூடேற ஏற அதன் மின்தடை சீராகக் குறைந்தது.