ரத்தாகாத கட்டளை

ஜி81 எக்ஸ்10 ஒய்10 இஸட்-20 ஆர்2 எஃப்100.

கம்ப்யூட்டர் இயக்கும் மிஷினுக்கு எழுதும் ஒரு வரி இது. குறித்த இடத்துக்குப் போ, பரப்புக்கு 2 மில்லிமீட்டர் மேலே வரை விரைந்து இறங்கு, அங்கிருந்து நிமிஷத்துக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் 20 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் துளை, விரைந்து வெளியே வா. இத்தனையும் இதில் அடக்கம். அடுத்த வரியில் எக்ஸ்30 என்று மட்டும் இருக்கும். துளை பற்றிய பேச்சே அதில் இல்லை. ஆனால் அங்கேயும் துளை விழும்.

இதற்கு டிரில்லிங் சைக்கிள் என்று பெயர். கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றில் புரோகிராம் எழுதும் நண்பர் விளக்கியபோது எனக்குப் புரியச் சிரமமில்லை. வங்கியில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷனும் இப்படித்தான். ஒருமுறை கையெழுத்து, ரத்து செய்யும்வரை மாதாமாதம் பணம் போகும். மிஷினில் ரத்துக்கான சொல் ஜி80. அது விடுபட்டு, சும்மா நகர்வதற்காக ஓர் இடத்தைக் குறித்தால், வேண்டாத இடத்தில் துளை.

நம் கவிதையில் விடுபட்டிருப்பது இந்த ஜி80தான் என்று தோன்றுகிறது. 1959இல் 'எழுத்து' வந்த காலத்திலிருந்து யாப்பை விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். யாப்பு போனது உண்மை. ஆனால் நாலைந்து வரி வர்ணனை, ஓர் இடைவெளி, கடைசி வரியில் ஒரு திருப்பம் என்ற கட்டளை எப்போதோ கொடுக்கப்பட்டு இன்னும் நடப்பில் இருக்கிறது. அம்மாவின் சாவு, மழை, பஸ் ஸ்டாண்டு எல்லாவற்றிலும் ஒரே ஆழத்தில் ஒரே துளை. இடம் மட்டும் மாறுகிறது.

குற்றம் திரும்பச் செய்வதில் இல்லை. ஜி83 என்று இன்னொரு சைக்கிள் உண்டு. ஆழமான துளையை அது ஒரே மூச்சில் போடாது. கொஞ்சம் துளைத்ததும் முழுக்க வெளியே வரும். உலோகச் சுருள்கள் உதிரும், உள்ளே கூலண்ட் போகும். விட்ட இடத்துக்குச் சற்று மேலே வரை விரைந்து இறங்கி மறுபடி துளைக்கும். இப்படிச் செய்யாவிட்டால் சுருள்கள் அடைத்து டிரில் ஒடியும். இங்கே ஒவ்வொரு இறக்கமும் முந்தியதைவிட ஆழம். பாட்டில் பல்லவி திரும்பி வருவதும், ஒப்பாரியில் அதே விளி மறுபடி மறுபடி எழுவதும் இந்த ஜாதி. வெளியே வருவது ஆழம் போவதற்காக.

நண்பர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை உறுத்துகிறது. கண்காணிக்கும் ஏற்பாடு இல்லாத மிஷினில் டிரில் ஒடிந்துபோனாலும் சைக்கிள் நிற்காது. மிச்சமுள்ள இடங்களுக்கெல்லாம் போய், இறங்கி, ஏறி, ஒழுங்காக முடித்துக்கொள்ளும். துளை மட்டும் இருக்காது. அப்படிப்பட்ட கவிதைகளையும் நாம் அச்சிடுகிறோம், அசைவு சரியாக இருக்கிறது என்பதற்காக.

யாப்பு பகிரங்கமான கட்டளை. எண்ணிப் பார்க்கலாம்; தெரிந்தே மீறலாம். இப்போது நடப்பில் இருப்பதற்குப் பெயர்கூட இல்லை, அதனால் அது சுதந்திரம் போலத் தெரிகிறது. பெயரில்லாததை ரத்து செய்ய முடியாது. பெயர் வைப்பதுதான் விமர்சனம் இன்று செய்ய வேண்டிய காரியம்.