போப்புக்கு வந்த கண்டிப்புக் கடிதம்

அன்புள்ள மருமகனே,

சபைப் பொறுப்பு ஏற்ற நாளிலிருந்து ராத்திரி படுக்கப் போகிற நேரத்திலும் கமிட்டிக்காரர்கள் போன் செய்கிறார்கள், ஜெபிக்க உட்கார்ந்தாலும் வாட்ஸ்அப் விடமாட்டேன் என்கிறது என்று உன் அம்மாவிடம் புலம்பினாயாம். இதே தொல்லையில் ஒரு போப்பே மாட்டிக்கொண்ட கதை உண்டு.

1145-இல் பீசா ஊர்த் துறவி ஒருவர் மூன்றாம் யூஜீனியஸ் என்ற பெயரில் போப் ஆனார். பிரான்சில் கிளேர்வோ மடத்தில் அதன் தலைவர் பெர்னார்டின் சீடராக இருந்தவர். அந்தக் காலத்தில் போப்பின் மாளிகை அப்பீல் கோர்ட் மாதிரி. ஆயர் தேர்தல் தகராறு, மடத்துச் சொத்து, கல்யாண வழக்கு என்று ஐரோப்பா முழுவதிலிருந்தும் வந்து குவியும். காலையில் உட்கார்ந்தால் இருட்டும்வரை வக்கீல்களின் வாய்ச்சண்டைதான்.

இதைப் பார்த்துப் பொறுக்காமல் பழைய குரு எழுதியதுதான் 'தே கன்சிதெராத்சியோனே', அதாவது 'யோசிப்பதைப் பற்றி' என்ற நூல். மொத்தம் ஐந்து பகுதிகள், எழுதி முடிக்கச் சில வருஷங்கள் ஆயின. முதல் பகுதியில் தயவுதாட்சண்யமே இல்லை. இப்படியே போனால் நெஞ்சு மரத்துவிடும், மரத்துப்போனது உமக்கே தெரியாது என்கிறார். எல்லோருக்கும் நேரம் கொடுக்கிறீரே, அந்த எல்லோரில் நீரும் ஒருவர் இல்லையா என்று மடக்குகிறார். பதவியை விட்டு மடத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. சில வழக்குகளைப் பிறரிடம் விடும், வளவளவென்று பேசுகிறவர்களைச் சுருக்கச் சொல்லும், மிச்சப்படும் நேரத்தில் உட்கார்ந்து யோசியும். முதலில் உம்மைப் பற்றி, பிறகு உமக்குக் கீழே, சுற்றிலும், மேலே இருப்பவை பற்றி. அந்த வரிசையை அவர் மாற்றவே இல்லை.

சொன்னவர் மட்டும் சும்மா இருந்தாரா? இதே போப்பின் கட்டளைப்படி 1146-இல் வெசலேயில் இரண்டாம் சிலுவைப்போருக்கு ஆள் திரட்டியவர் அவர்தான். படை தோற்றுத் திரும்பியது, பழி இவர்மேல் விழுந்தது. இரண்டாம் பகுதியின் தொடக்கமே அதற்கான பதில்தான். மோசேயோடு புறப்பட்ட இஸ்ரவேலரும் தங்கள் பாவத்தால் வனாந்தரத்தில் மடியவில்லையா என்கிறார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. செத்தவர்களின் வீட்டாருக்கு அது போதியிருக்குமா? ஆனாலும் மடத்தைத் தாண்டாத ஒருவர் இதே புத்தியைச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு மதித்திருக்க மாட்டேன்.

கத்தோலிக்கப் புத்தகம் நமக்கெதற்கு என்று உன் அப்பா கேட்பார். சீர்திருத்தவாதி கால்வினே இதை மேற்கோள் காட்டியிருக்கிறார் என்று சொல், பேச்சு நின்றுவிடும்.

1153 ஜூலையில் யூஜீனியஸ் இறந்தார், ஆகஸ்டில் பெர்னார்ட். 2006-இல் பெர்னார்டின் திருநாளன்று பதினாறாம் பெனடிக்ட் போப் இந்த நூலை எடுத்துத்தான் பேசினார்.

அங்கே நூலகத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைக்கும். ஐந்தாம் பகுதி கடினம், அதற்கு அவசரமில்லை. போனை அணைத்துவிட்டு முதல் பகுதியை மட்டும் படித்துவிட்டு எனக்கு எழுது.

உன் மாமா