பெண் குரலில் கானா

ஆலைகளுக்கும் உரத்த இசைக்கும் ஏதோ உறவு இருக்கிறது. மெட்டல் இசையின் முன்னோடிகளான பிளாக் சப்பாத் குழுவினர் பர்மிங்காம் என்னும் ஆலை நகரத்துப் பிள்ளைகள். அவர்களுடைய கிதார் கலைஞர் டோனி அயோமி, உலோகத் தகட்டு ஆலையில் விரல் நுனிகளை இழந்தவர். பின்னாளில் தந்திகளைத் தளர்த்திக் கட்டி வாசித்தார். அந்தக் கனத்த நாதமே அவ்விசையின் அடையாளமாயிற்று. உக்ரைனின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் 2009இல் உருவான ஜின்ஜர் குழுவின் பாடகி தத்தியானா ஷ்மைலியுக், ஒரே பாடலில் தாலாட்டின் மென்மையிலிருந்து அடிவயிற்று உறுமலுக்குத் தாவுகிறார். அவரைக் கேட்கையில், துறைமுகத்தையும் ஆலைகளையும் ஒட்டி வாழும் எங்கள் தண்டையார்பேட்டையில் இப்படியொரு பெண்குரல் ஏன் மேடையேறவில்லை என்ற கேள்வி எழும்.

குரல் இல்லாமலில்லை. எங்கள் பக்கத்துச் சாவு வீடுகளில் பகலெல்லாம் பெண்கள் வட்டமாக அமர்ந்து ஒப்பாரி வைப்பார்கள். இரவானால் வாசலில் பந்தலடியில் ஆண்கள் விடியும்வரை கானா பாடுவார்கள். துக்கம் ஒன்றுதான். ஆனால் வாசலில் ஒலித்தது பாட்டு. உள்ளே ஒலித்தது வெறும் அழுகை.

இந்தப் பிரிவினையை உடைத்தவர்களுள் முக்கியமானவர் இராயபுரத்து இசைவாணி. இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியில், டென்மாவின் இசையமைப்பில் உருவான 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் அரங்கேறியது. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து பெயர் பெற்ற குழு அது. கானா, ராக், ராப் மூன்றும் அதில் கலந்தன. பறையும் கிதாரும் ஒரே மேடையில் ஒலித்தன. மெட்டல் குழு அன்று. ஆயினும் அதே உரப்பும் சினமும் உண்டு. அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்ணாக நின்று பாடினார் இசைவாணி. 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது.

இக்குழுவைப் பற்றிப் பேசுவோர் இசைக் கலப்பையே வியக்கிறார்கள். எனக்கு அது இரண்டாம் வியப்பு. உள்வீட்டுக் குரல் வாசலைத் தாண்டி ஒலிபெருக்கியைப் பற்றியதே முதல் வியப்பு.

என் அத்தை ஒருவர் இருந்தார். தெருவில் எந்தச் சாவு விழுந்தாலும் அவருக்குத்தான் ஆளனுப்புவார்கள். இறந்தவரின் வாழ்க்கை முழுவதையும் நின்ற நிலையில் பாட்டாகக் கட்டிவிடுவார். இரவில் பாட வந்தவர்களுக்குப் பணமும் பெயரும் கிடைத்தன. அத்தைக்கு ஒரு குவளை தேநீர். அவரைப் பாடகி என்று ஒருவரும் சொன்னதில்லை. ஒரு வரிகூட எழுதி வைக்கப்படவுமில்லை.

கணவன் பூதப்பாண்டியன் இறந்தபோது பெருங்கோப்பெண்டு பாடியது புறநானூற்றில் 246ஆம் பாட்டு. ஆண்டுதோறும் அதை இலக்கியமென்று வகுப்பில் நடத்துகிறேன். அரசியின் அழுகைக்கு ஏடு கிடைத்தது. இசைவாணிக்கு மேடை கிடைத்தது. இவ்விருவருக்கும் இடையிலுள்ள ஈராயிரம் ஆண்டுகளில் எத்தனை அத்தைகள் பாடி ஓய்ந்திருப்பார்கள் என்பதற்குக் கணக்கு எவரிடமும் இல்லை.