மிதக்கும் குதிரை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

மெல்லிசைக் கச்சேரிகளில் மின்கிதார் வாசிப்பவரைக் கூர்ந்து பார்த்தவர்கள், அவருடைய வலக்கையருகே வளைந்த கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டிருப்பார்கள். அதை அழுத்தினால் சுரம் இறங்கும், இழுத்தால் ஏறும், மெல்ல ஆட்டினால் அசையும். இதற்கு 'டிரெமலோ' என்று பெயர். பெயரே பிழை! டிரெமலோ என்பது ஒலியின் வலிமை ஏறி இறங்குவது. அதிர்வெண் ஏறி இறங்குவதற்கு 'வைப்ரேட்டோ' என்பதே சரியான சொல். கலிஃபோர்னியாவில் 1954ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரை வெளியிட்ட லியோ ஃபெண்டர், 1956இல் இதற்குக் காப்புரிமை பெற்றபோது டிரெமலோ என்றே குறிப்பிட்டார். வேடிக்கை என்னவென்றால், ஒலி வலிமையை ஆட்டும் தம் ஒலிபெருக்கிச் சுற்றுக்கு வைப்ரேட்டோ என்று பெயரிட்டார். அன்று தலைகீழாய்ப் போன பெயர் இன்னும் நிமிரவில்லை.

என் தாய்மாமா எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிக்கிறார். சித்திரை பிறந்தால் ஆவணி வரை கோயில் கொடைகள். அந்த ஐந்து மாத வரும்படிதான் ஆண்டு முழுமைக்கும். அவருடைய கிதார் ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் பார்த்துச் செய்த மலிவான நகல், அதுவும் பழையதாக வாங்கியது. சென்ற ஆண்டு நான்கு பாட்டுக்கு ஒருமுறை அதன் சுருதி கலைந்தது. "குதிரைக்கு அடியில ஒரு கட்டையைச் செருகி அசையாம ஆக்கிருங்க அண்ணாச்சி. இல்லேன்னா கிதார் பகுதியையும் கீபோர்டுலயே வாசிக்கச் சொல்லிருதேன்" என்று குழுத்தலைவர் சொல்லிவிட்டார். அது வெறும் மிரட்டல் அன்று. கிதார்க்காரர் இல்லாத குழுக்கள் இப்போது எத்தனையோ இருக்கின்றன.

"கட்டைய வெச்சு அடைச்சிட்டா பொறவு இந்தக் கம்பி எதுக்கு மருமவனே? கமகம் கீபோர்டுல வருமா?" என்றார் மாமா. (கீபோர்டிலும் சுருதியை வளைக்க ஒரு சக்கரம் உண்டு. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.)

வீணையில் தந்திகளைத் தாங்குவதைக் குதிரை என்கிறோம். கிதாரிலும் அப்படியே அழைக்கலாம். வீணையின் குதிரை ஓரிடத்தில் நிற்கும். இந்தக் கிதாரின் குதிரையோ மிதக்கும். அதன் முன்விளிம்பு இரண்டு ஆணிகளின் மேல் மட்டுமே சாய்ந்திருக்கிறது. மேலே ஆறு தந்திகள் அதை முன்னோக்கி இழுக்கின்றன. அடியில் தொங்கும் உலோகக் கட்டையைக் கிதாரின் முதுகுக் குழியிலுள்ள சுருள்வில்களும் முன்னோக்கியே இழுத்து, குதிரையை எதிர்ப்புறம் திருப்புகின்றன. முதலாண்டில் நாம் படித்த திருப்புத்திறன் சமநிலை இதுதான். ஒன்பது எண் தந்திகள் ஆறின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 38 கிலோகிராம் எடை. எங்கள் கிதாரை அளந்தபோது சாய்விடத்திலிருந்து தந்திகள் 12 மி.மீ. உயரத்திலும், வில்கள் மாட்டும் இடம் 36 மி.மீ. ஆழத்திலும் இருந்தன. ஆகவே மூன்று வில்களும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு, அதாவது 13 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இழுத்தால் போதும்.

இந்தச் சமநிலை மிக நொய்யது. ஒரு தந்தியை முறுக்கினால் குதிரை இம்மி சாய்ந்து மற்ற ஐந்தும் இறங்கிவிடும். அவற்றை ஏற்றினால் முதல் தந்தி இறங்கும். நாலைந்து சுற்று வந்தால்தான் எல்லாம் ஒன்றுகூடும். பத்து எண் தந்திக்கு மாறினாலோ இழுவிசை 47 கிலோ. குதிரை குப்புறச் சாய்ந்துவிடும். வில்களைப் பிடித்திருக்கும் திருகுகளை இறுக்கித்தான் அதை நிமிர்த்த வேண்டும்.

ஆனால் மாமாவின் தொல்லை இதுவன்று. கம்பியை அழுத்திவிட்டால் சுருதி சற்று இறங்கியே நின்றது. இழுத்துவிட்டால் ஏறியே நின்றது. காந்தவியலில் வரும் தயக்க வளைவு அப்படியே கண்முன் நின்றது எனலாம். எங்கோ உராய்வு இருக்கிறது, எங்கே? ஒரு தந்தி மட்டும் பிசகினால் குற்றம் தலைப்பக்கத்து மேருவின் பள்ளத்தில். ஆறும் ஒரே அளவு பிசகினால் குதிரையின் சாய்விடத்தில். ஆறும் பிசகின; மூன்றாம் தந்தி மட்டும் கூடுதலாகப் பிசகியது. மேருவின் பள்ளங்களில் பென்சில் கரியைத் தேய்த்ததும் அந்தக் கூடுதல் நீங்கியது. செலவு ஏதுமில்லை.

குதிரையைக் கழற்றி, பேராசிரியர் அனுமதியுடன் நம் ஆய்வகத்து நகரும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். துத்தநாகக் கலவையில் வார்த்த அந்த விளிம்பில் ஆணிகள் 0.3 மி.மீ. ஆழத்துக்குக் குழி பறித்திருந்தன. இயற்பியல் தராசின் கத்திமுனையை நாம் எவ்வளவு கவனமாகக் காக்கிறோம்! எடை போடாத வேளையில் கோலைத் தாழ்த்தி வைக்கிறோம். இங்கோ கத்திமுனை இரவெல்லாம் தந்திகளும் வில்களும் சேர்ந்த ஏறத்தாழ 51 கிலோ சுமையுடன் ஆட்டம் போடுகிறது.

ஃபிளாய்ட் ரோஸ் என்ற அமெரிக்கர் இதற்கு வேறொரு வழி கண்டார். அவர் நகை வேலையும் தெரிந்த கிதார்க்காரர். தந்திகளை மேருவிலும் குதிரையிலும் திருகால் பூட்டிவிடும் அமைப்புக்கு 1979இல் காப்புரிமை பெற்றார். எட்டி வான் ஹாலன் அதை உலகறியச் செய்தார். சிறந்த அமைப்புத்தான். ஆனால் விலையோ மாமாவின் கிதாரைவிட அதிகம். பலகையையும் குடைய வேண்டும். கொடை மேடையில் தந்தி அறுந்தால் பூட்டுகளைத் திறக்கச் சாவியும் பொறுமையும் தேவை. எங்களுக்கு அது ஒத்துவராது என்றே முடிவு செய்தேன்.

கடினப்படுத்திய எஃகு விளிம்பும் எஃகுக் கட்டையும் கொண்ட குதிரையை, அதற்குரிய புதிய ஆணிகளோடு வரவழைத்தோம். நான்கு கச்சேரிச் சம்பளம் அதற்கே போயிற்று. வாங்கும் முன் வெர்னியரால் அளக்க வேண்டியவை மூன்று: ஆணிகளின் இடைவெளி, தந்திகளின் இடைவெளி, பலகையின் கனம். கடைசியானதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முழு அளவுக் கட்டை 42 மி.மீ. இருக்கும், எங்கள் பலகையோ 40 மி.மீ.தான். குட்டைக் கட்டையையே தேடினோம். எஃகுக் கட்டையால் கார்வை நீளும் என்கிறார்கள். என் காதுக்கு வேறுபாடு தெரியவில்லை. மாமாவுக்குத் தெரிகிறதாம்; நான் வாதாடவில்லை.

இப்போது அழுத்திவிட்டாலும் இழுத்துவிட்டாலும் கைப்பேசியின் சுருதிமுள் ஒரே இடத்துக்குத் திரும்புகிறது. மாற்றிய பின் நடந்த முதல் கொடையில் மூன்று மணி நேரத்துக்கு மாமா இருமுறைதான் கீயைத் தொட்டார். குழுத்தலைவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த கச்சேரியின் தேதியைச் சொன்னார்.

ஒரு குறை மட்டும் தீராது. தந்தி ஒன்று அறுந்தால் வில்களின் கை ஓங்கி மற்ற ஐந்தும் ஏறிவிடும். எந்தப் பாகத்தை மாற்றினாலும் மிதக்கும் குதிரையின் இயல்பு அது. அதற்காக ஒரு தேக்குத் துண்டை அளவாக இழைத்து மாமாவின் பையில் போட்டிருக்கிறேன். அறுந்தவுடன் கம்பியை அழுத்திப் பிடித்து, முதுகுக் குழியில் கட்டைக்கும் பலகைக்கும் இடையே அதைச் செருகினால் பாட்டை முடித்துவிடலாம். குழுத்தலைவர் சொன்ன அதே கட்டைதான் என்று மாமா சிரிக்கிறார். இனி பிளாஸ்டிக் மேருவை எலும்பில் மாற்ற வேண்டும். ஆவணி கழியட்டும் என்கிறார்.